மகாலட்சுமி வளைத்த கம்பி

ஒரு மாதம் வாயையே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே மகாலட்சுமி மேடையேறிப் பாடினாள். பாட வைத்தவன் அவள் புருஷன் விஜயகுமார்.

அது 2002, சித்திரை மாதம். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அம்மன் கோயில்களில் திருவிழா. விஜயகுமாரின் இன்னிசைக் குழுவுக்கு ஓய்வே இல்லை. குழுவில் அவன் லீட் கிடார், அவள் பாடகி. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பெண் அவள். ஊர்த் திருவிழாவில் அவன் வாசிப்பதைப் பார்த்து மயங்கி, வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள். போஸ்டரில் அவன் படம்தான் பெரிதாக இருக்கும். கூட்டம் வந்தது என்னவோ அவள் குரலுக்காக. இது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் ஒரு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

தேனியில் டாக்டர் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கியிருக்கிறது, இப்போது பாடினால் அப்புறம் குரல் திரும்பாது என்றார். விஜயகுமார் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். மாடிப்படி இறங்கும்போது அவள் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"இன்னைக்கு மட்டும் பாடிரு மகா. சின்னமனூர் கமிட்டிக்காரக ஒன் பேரைச் சொல்லித்தான் புக் பண்ணிருக்காக."

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்குந்தான் வெரல் வலிக்குது. நான் வாசிக்காமயா இருக்கேன்?"

பாடினாள். மூன்றாவது பாட்டில், மேலே ஏறி நிற்க வேண்டிய இடத்தில், தொண்டைக்குள் நூல் அறுந்தது மாதிரி இருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. மைக்கில் காற்று மட்டும் போனது. விஜயகுமார் சட்டென்று முன்னால் வந்து கிடாரில் வேகமாக எதையோ வாசித்து இடத்தை நிரப்பினான். ஜனங்கள் அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவன் பின்னால் திரும்பி அவளைப் பார்க்கவில்லை.

மதுரையில் ஆபரேஷன் ஆனது. பேச்சு வந்தது, குரல் வரவில்லை. காய்ந்த சோளத்தட்டையை மிதிப்பது மாதிரி ஒரு கரகரப்புதான் மிச்சம். ஆடி பிறப்பதற்குள் கடமலைக்குண்டிலிருந்து சங்கிலியம்மாள் என்ற பெண்ணை விஜயகுமார் கூட்டி வந்தான். மேடைக்காக அவளுக்கு அனுஷ்கா என்று பேர் வைத்தான்.

மகாலட்சுமி ஒத்திகை நடந்த இடத்துக்குப் போய்க் கேட்டாள். "நான் கீபோர்டாவது கத்துக்கிறேங்க. குழுவுலயே ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

அவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "அவிஞ்சுபோன மைக்கை மேடையில வச்சு என்ன செய்ய? ஒங்காத்தா வீட்டுல போயி இரு. ஒங்களுக்குத் தோட்டம் இருக்குல்ல."

டிரம்ஸ்காரன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். சங்கிலியம்மாள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் யார் சிரித்தார்கள் என்பதை மகாலட்சுமி நிதானமாகப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டு அங்கிருந்து கிளம்பினாள்.

அவள் அம்மா அக்கம்மாள் விஜயகுமாரைக் கைநிறைய மண் வாரித் தூற்றிவிட்டு, ஓய்ந்து, "போனவன் போகட்டும் ஆத்தா. நீ பந்தல் வேலையைப் பாரு" என்றாள். திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்தபடி கொத்துகளைக் கத்தரிக்கும்போது மகாலட்சுமி அவன் விரல்களை நினைப்பாள். வேன் கதவில் அவை சிக்குவதாக, அரவை மிஷினில் போவதாக. ஒவ்வொரு விரலாக நினைப்பாள். அது அவளுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. விரல் போனால் ஊர் அவனைப் பார்த்துப் பரிதாபப்படும். அவனுக்குப் பரிதாபம் கிடைப்பதில் அவளுக்கு இஷ்டமில்லை.

பெரியப்பா மகன் பால்பாண்டி கம்பத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். வீட்டில் அடைந்து கிடக்கிறாளே என்று தன் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டான். வயர் சுற்றுவது, பற்றவைப்பது, மைக் சோதிப்பது என்று அவளும் பழகினாள். மறு வருஷம் குமுளியில் ஒரு ஓட்டல் புல்வெளியில் ஸ்பீக்கர் மாட்டப் போனபோது கூடவே போனாள்.

அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒருவன் எலெக்ட்ரிக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தான். இம்மானுவேல் என்று பேர். அவளைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். வேகமாக ஒன்றும் வாசிக்கவில்லை. ஒரு சுரத்தைத் தட்டினான். அது நின்ற இடத்தில் நிற்காமல் முனகிக்கொண்டே மேலே ஏறியது. ஏறிய இடத்தில் லேசாக நடுங்கியது. பிறகு மனசில்லாமல் கீழே வந்தது.

மகாலட்சுமியின் கையிலிருந்த வயர் கீழே விழுந்தது. அவளுடைய தொண்டையில் முன்பு இருந்த சங்கதி அது. கம்பியில் அது வரும் என்று விஜயகுமாரோடு இருந்த காலத்தில் அவளுக்குத் தெரியவே தெரியாது. விஜயகுமார் வாசித்ததெல்லாம் டைப் அடிக்கிற மாதிரி; விரல் ஓடும், சுரம் விழும், ஒன்றும் வளையாது.

வாசித்து முடித்தவனிடம் போனாள். "அது என்ன வாசிப்பு?"

"ப்ளூஸ், சேச்சி. அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க வயித்தெரிச்சல்ல பாடினது. பின்ன அதைக் கிடார்ல ஏத்தி, சத்தம் கூட்டி, ராக் ஆக்கியாச்சு." அவனுக்குத் தமிழும் மலையாளமும் கலந்தே வரும்.

"எனக்குச் சொல்லிக் குடுப்பியா?"

அவள் குரலைக் கேட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். "எதுக்கு?"

"ஒருத்தனுக்குப் பதில் சொல்லணும். வாயால சொல்ல முடியல."

இம்மானுவேல் அதற்கு மேல் கேட்கவில்லை. தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் வாசிக்கத் தனக்குத் தமிழ்ப் பாட்டுகள் வேண்டும், அதைச் சொன்னால் இதைச் சொல்கிறேன் என்றான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குமுளி பஸ் ஏறினாள். பழுதுபார்க்க வந்து யாரும் திரும்ப வாங்காமல் போன ஒரு சிவப்புக் கிடாரைப் பால்பாண்டி அவளுக்குச் சரிசெய்து கொடுத்தான்.

முதலில் கம்பியை வளைப்பது. சுரத்தைத் தட்டிவிட்டு, விரலால் கம்பியைக் குறுக்கே தள்ள வேண்டும். தள்ளத் தள்ள சுருதி ஏறும். ஒற்றை விரலால் தள்ளியதில் அதன் நுனி கிழிந்து ரத்தம் வந்தது. இம்மானுவேல் அவள் கையைத் திருப்பி வைத்தான்.

"மோதிர விரல் முன்னாடி. பின்னாடி ரெண்டு விரலும் அதுக்குத் துணைக்கு நிக்கணும். தள்ளுறது விரல் இல்ல, மணிக்கட்டு. கதவுல சாவி திருப்புற மாதிரி."

தடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பிகளை மாட்டிக் கொடுத்தான். போய்ச் சேர வேண்டிய சுரத்தை முதலில் தட்டிக் கேட்டுக்கொண்டு, பிறகு கீழேயிருந்து வளைத்து அந்த இடத்தைப் பிடிக்கச் சொன்னான். அவளுக்குக் காது சுத்தம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுரம் அந்த இடத்தைத் தாண்டி மேலே போய்க் கீச்சிட்டது.

"யாரு மொகம் தெரியுது சேச்சி?"

அவள் மறுபடியும் கம்பியைத் தள்ளினாள்.

"அவனை நினைக்காதேன்னு நான் சொல்லல. தேஷ்யத்தோட தள்ளுனா சுருதி தாண்டிப் போகும். தேஷ்யம் இருக்கட்டும், அதைச் சரியான இடத்துல நிறுத்தி வைக்கப் படிங்க."

கோபத்தைச் சரியான இடத்தில் நிறுத்தி வைப்பது. அதைத்தான் மகாலட்சுமி மாசக்கணக்கில் பழகினாள். கடையில் வேலை இல்லாத மத்தியானங்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவாள். மாடிப்படியில் தோளில் விழுந்த கையை நினைத்துக்கொண்டு கம்பியைத் தள்ளுவாள். சுருதி தாண்டும். மறுபடி நினைப்பாள், மறுபடி தள்ளுவாள். ஒரு நாள் அந்தக் கையின் கனத்தை முழுசாக நினைத்தபடியே சுரத்தை அச்சாகப் போய்த் தொட்டு, அங்கேயே நின்று, மணிக்கட்டைச் சீராக ஆட்டினாள். சுரம் அழுதது. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்து, சத்தம் வராமலே கம்பியை முன்கூட்டி வளைத்து வைத்துக்கொண்டு, பிறகு தட்டி, மெல்ல இறக்குவது. கேட்பதற்கு விம்மல் மாதிரி இருக்கும். முழுசாக ஏறாமலும் இறங்கிவிடாமலும் இரண்டு சுரத்துக்கும் நடுவில் நிற்கிற ஒரு இடமும் இருந்தது. இம்மானுவேல் அதைச் சொல்லித்தர முயன்றபோது மகாலட்சுமி அவன் சொல்லி முடிப்பதற்குள் வாசித்துக் காட்டினாள். முளைப்பாரிக் கும்மியில் அவள் நின்று பாடுகிற இடமே அதுதான். ப்ளூஸ்காரர்கள் சுற்றிச் சுற்றி வருகிற ஐந்து சுரங்களும் அவள் ஊர்க் கும்மியின் சுரங்களாகவே இருந்தன.

"மூச்சு எங்க விடுவீங்க? பாடும்போது?" என்று ஒரு நாள் கேட்டான்.

அவள் காட்டினாள்.

"அங்க கையை எடுங்க. வாசிக்காம விடுற இடத்துலதான் ஜனங்க அடுத்ததுக்குக் காத்திருப்பாங்க."

விஜயகுமார் ஒரு நாளும் கையை எடுத்ததில்லை. அவன் வாசிப்பில் மூச்சு விட இடமே கிடையாது. இது புரிந்த அன்று, அவனை எங்கே அடிக்க வேண்டும் என்பது மகாலட்சுமிக்குத் தெரிந்துபோனது.

பால்பாண்டி கடைக் குப்பையில் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிபையர் கிடந்தது. அதைத் துடைத்துச் சரிசெய்து, சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்தால் ஒலி ஓரத்தில் கிழியும். அவளுடைய இப்போதைய குரல் எப்படிக் கிழிந்திருந்ததோ அதே கிழிசல். அந்தப் பெட்டியை அவள் யாரையும் தொடவிடவில்லை.

2006 வைகாசியில் தேவாரம் ஊரில் ஒரு தெருக்காரர்கள் தங்கள் காளியம்மன் திருவிழாவுக்குப் போட்டிக் கச்சேரி வைத்தார்கள். எதிரெதிராக இரண்டு மேடை, நடுவில் ஜனம். ஒரு மேடை விஜயகுமார் குழுவுக்கு. இன்னொன்று உத்தமபாளையத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு குழுவுக்கு. அதில் லீட் கிடார் வாசிப்பவருக்கு அம்மை போட்டிருந்தது. இரண்டு மேடைக்கும் ஒலிபெருக்கி பால்பாண்டியுடையது. மகாலட்சுமி உத்தமபாளையத்துக்காரர்களிடம் போய், நான் வாசிக்கிறேன் என்றாள். ஒரு பாட்டு வாசித்துக் காட்டினாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் கச்சேரி தொடங்கியது. எதிர் மேடையில் கிடாரோடு நிற்பவள் யார் என்று தெரிந்ததும் விஜயகுமார் டிரம்ஸ்காரனிடம் ஏதோ சொன்னான். டிரம்ஸ்காரன் சிரித்தான். அதே ஆள், அதே சிரிப்பு.

விஜயகுமார் மைக்கில் பேசினான். "எங்க வீட்டுல இருந்தவுகதான். நம்மகிட்ட பாத்துப் பழகுனது. எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க."

ஜனங்கள் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். பின்னால் வயர் பார்த்துக்கொண்டிருந்த பால்பாண்டியின் முகம் கறுத்தது.

இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாட்டுகள் போயின. மகாலட்சுமி அடக்கமாகவே வாசித்தாள். பிறகு விஜயகுமார் தன்னுடைய தனி வாசிப்பைத் தொடங்கினான். வருஷக்கணக்காக அவனுக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வேக வாசிப்பு. கூட்டம் விசிலடித்தது. பாதியில் அவன் கிடார் சத்தம் பொட்டென்று நின்றது. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன; ஒன்றும் கேட்கவில்லை. ஜனங்கள் ஊளையிட்டார்கள்.

மகாலட்சுமி பால்பாண்டியைத் தேடினாள். எதிர் மேடைக்குப் பின்னாலிருந்து அவன் உள்ளங்கையை மூடிக்கொண்டு வந்தான்.

"பியூஸைக் குடுண்ணே."

"கெடக்கட்டும் விடு. அவன் செஞ்சதுக்கு இது பத்தாது."

"ஆமா, பத்தாது. அதான் கேக்குறேன். குடு."

அவன் கையைப் பிரித்து அதை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தாள். ஊளை மெல்ல அடங்கியது. எதிர் மேடையில் ஏறி, விஜயகுமாரின் காலடியில் குனிந்து, அவன் ஆம்ப்ளிபையரில் பியூஸை மாட்டினாள். அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"நீ எதுக்கு இதச் செய்யுற?" என்றான்.

"நீ முழுசா வாசி. பெறகு கரண்டு போச்சு, வயரு போச்சுன்னு சாக்குச் சொல்லக் கூடாது."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு இறங்கித் தன் மேடைக்குத் திரும்பினாள்.

அவன் முதலிலிருந்து முழுசாக வாசித்தான். இன்னும் வேகமாக வாசித்தான். முடித்ததும் பலத்த கைதட்டல். கிடாரை உயர்த்திக் காட்டினான்.

மகாலட்சுமி வால்வுப் பெட்டியின் சத்தத்தை முழுக்கத் திருப்பினாள். அவன் கடைசியாக வாசித்த வரியையே எடுத்து, பாதி வேகத்தில், கம்பியை வளைத்து வாசித்தாள். ஓடிக்கொண்டிருந்த வரி அவள் கையில் நொண்டியது, கேலி பேசியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கையை எடுத்தாள். அமைதி. தெருவே காத்திருந்தது.

அப்புறம் முளைப்பாரிக் கும்மியைத் தொடங்கினாள். இந்தத் தெருவிலேயே அவள் பல வருஷம் பாடிய கும்மி. ஒவ்வொரு சொல்லுக்கும் தொண்டை எப்படி வளையுமோ அப்படியே கம்பியை வளைத்தாள். ஏறும் இடத்தில் மூன்று விரலும் சேர்ந்து தள்ளின. சுரம் அச்சாகப் போய் நின்று, கிழிந்து, நடுங்கியது. நான்கு வருஷத்துக்கு முந்தைய சின்னமனூர் மேடையில் அறுந்துபோன அதே உயரம். அவள் அங்கிருந்து இறங்க அவசரப்படவே இல்லை.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பொம்பளை சத்தமாகவே சொன்னாள். "ஏத்தா, இது அந்தப் பிள்ள பாடுறாப்புலயே இருக்கு. சுருளிப்பட்டிப் பிள்ள."

பெண்கள் தட்ட ஆரம்பித்தார்கள். தட்டு கும்மித் தட்டாக மாறியது. விஜயகுமார் நடுவில் புகுந்து பதில் வாசிக்கப் பார்த்தான். அவனும் கம்பியைத் தள்ளினான். தடித்த கம்பி, ஒற்றை விரல். சுரம் பாதி தூரம் ஏறி அங்கேயே முக்கிக்கொண்டு நின்றது. கூட்டம் சிரித்தது. மறுபடி தள்ளினான். கம்பி அறுந்து அவன் புறங்கையில் அடித்தது.

அப்போதுதான் யாரும் எதிர்பாராத காரியம் நடந்தது. அவன் மேடையில் ஓரமாக நின்ற சங்கிலியம்மாள் மைக்கைக் கையில் எடுத்து, எதிர் மேடைக் கிடாரோடு சேர்ந்து கும்மியைப் பாடத் தொடங்கினாள்.

"ஏலே, நிறுத்தச் சொல்லு அவள" என்று விஜயகுமார் கத்தியது அவள் மைக்கிலேயே விழுந்து தெரு முழுக்கக் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. மகாலட்சுமி அவளுக்குப் பின்னால் பதில் வாசித்தாள். ஒரு வரி அவள், ஒரு வரி இவள். விஜயகுமார் அறுந்த கம்பியோடு இருவருக்கும் நடுவில் நின்றான். மகாலட்சுமி பாட்டு முடியும்வரை அவனையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் அவள் அறிந்ததில்லை.

கச்சேரி முடிந்து சாமான் ஏற்றும்போது விஜயகுமார் வந்தான். குழுவுக்குத் திரும்பி வந்துவிடச் சொல்வான் என்று அவள் நினைத்தாள். அவன் கேட்டது வேறு.

"அந்தக் கம்பியத் தள்ளுறது... அது எப்படிச் செய்யுற?"

அவன் முகத்தில் உண்மையான ஆசை இருந்தது. முன்பு அவளை மயக்கிய ஆசையும் அதுதான். அவள் கிடாரை உறையில் போட்டு மூடினாள்.

"ஒத்த வெரலு போதும். நடுவெரல மட்டும் வச்சு நெட்டித் தள்ளணும். கம்பி இன்னும் மொத்தமா போட்டுக்க. ரத்தம் வரும், விட்டுறாத. வலிச்சா இன்னும் அழுத்து."

அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனான்.

அடுத்த மாதம் சங்கிலியம்மாள் அவனை விட்டு வந்துவிட்டாள். கம்பத்துக் கடை வாசலில் பையோடு நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க ஒத்திகைக்கு வந்தப்ப எனக்கும் தொண்ட கட்டியிருந்துச்சு. பயத்துல பேசாம நின்னேன்" என்றாள்.

"ஒன் நெசப் பேரு சங்கிலியம்மாதான? அந்தப் பேருலயே பாடு" என்று மகாலட்சுமி அவளை உள்ளே கூப்பிட்டாள்.

விஜயகுமாரைப் பற்றி அவள்தான் சொன்னாள். ராவும் பகலுமாக ஒற்றை விரலில் கம்பியைத் தள்ளுகிறாராம். நடுவிரல் வீங்கி, நரம்பு பிடித்துக்கொண்டு, மடக்க முடியவில்லையாம். டாக்டர் வாசிக்கவே கூடாது என்று சொல்லியும் மூன்று கச்சேரிக்கு ஒத்துக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை குமுளிக்குப் போனபோது மகாலட்சுமி இதை இம்மானுவேலிடம் சொன்னாள். சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் கிடாரைக் கீழே வைத்துவிட்டான்.

"அது பாவமாக்கும், சேச்சி. ஜெயிச்சது போதாதா?"

"போதாது" என்றாள். "நீ அடுத்ததச் சொல்லிக் குடு. கண்ணாடிக் குழாய வெரல்ல மாட்டிக்கிட்டு வழுக்குவாங்கன்னு சொன்னியே, அது."

அவன் எழுந்துபோய்க் குழாயை எடுத்து வந்தான்.

அந்த வருஷக் கடைசியில் விஜயகுமாரின் குழு கலைந்தது. டிரம்ஸ்காரன் வேலை கேட்டு மகாலட்சுமியிடம் வந்தான். அவள் அவனை ஒரு முழு நாள் கடை வாசலில் உட்கார வைத்துவிட்டு, ஆள் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினாள். தேனி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விஜயகுமார் செல்போன் ரீசார்ஜ் கடை போட்டான். நடுவிரலை நீட்டி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் நம்பர் தட்டுகிறான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மகாலட்சுமி தானும் பார்த்தாள். தேனிக்குக் கச்சேரிக்குப் போகும்போதெல்லாம் வேனில் அந்தக் கடை தெரிகிற பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவாள். கடை வந்ததும் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்வாள்.